படம் எடுக்காத இடம்

அக்கா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு மழை நாள் மதியம் என் சமையலறையில் உட்கார்ந்து, காபியில் ஆடை படிந்து ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் சொல்லித் தீர்த்தாள். நான் அப்போது இல்லாத அறைகளையும் பார்க்காத முகங்களையும் அதற்குப் பிறகு அவ்வளவு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எது அவள் கண்ணால் பார்த்தது, எது நான் இட்டு நிரப்பியது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் அது தொடங்கியது ஒரு திருகில். அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

கிட்டாரின் கழுத்தை உடலோடு சேர்த்துப் பிடித்திருக்கும் திருகு. அக்கா அதைத் திருப்பியபோது சத்தமே இல்லாமல் வந்தது.

பழைய திருகு அப்படி வராது. இத்தனை வருஷம் மரம் அதைக் கவ்விக்கொண்டிருந்திருக்கும். முதல் சுற்றில் ஒரு முனகல் கேட்கும், பிடி விடும், அதன்பிறகு துருவும் பழைய மெழுகும் கலந்த ஒரு வாசனை மெல்ல மேலே வரும். இது நேற்றுப் போட்ட திருகுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. தலையில் மட்டும் துரு இருந்தது.

அக்காவின் தொழில் பழைய எலக்ட்ரிக் கிட்டார்களைச் சரிபார்ப்பது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கொண்டுவருவார்கள். எந்தப் பாகம் கிட்டாரோடு பிறந்தது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று அவள் சொல்ல வேண்டும். வீட்டின் பின்னறையில் கறுப்புத் திரை போட்டு, ஒரு மேஜை, பூதக்கண்ணாடி, ஊதா விளக்கு வைத்திருந்தாள். அந்த விளக்கின் கீழே மரத்தில் பூசிய பழைய லாக்கர் வார்னிஷ் வெளிறிய பச்சையாக ஒளிரும். பிற்பாடு பூசியது ஒளிராது, கறுப்பாகக் கிடக்கும். உள்ளே ஒயர்களைப் பற்றவைத்த ஈயம் மங்கியிருக்க வேண்டும். பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கை உராய்ந்து தேய்ந்த இடத்தில் தேய்மானம் சரிவாக இறங்கியிருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவனுக்கு அந்தச் சரிவு வராது.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கிட்டாரை அங்குலம் விடாமல் படம் எடுப்பாள், ஆனால் ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் எடுக்காமல் விடுவாள். எழுதியும் வைக்க மாட்டாள். "படத்தப் பாத்து எவனாவது அச்சு அசலா ஒண்ணு செஞ்சு கொண்டாந்தா, நான் எத வெச்சுக் கண்டுபிடிக்கறது?" என்பாள். இன்னொன்று, போலி கொண்டுவந்தவனிடம் போலி என்று மட்டும்தான் சொல்வாள். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டாள். சொன்னால் அடுத்த தடவை அதையும் சரிசெய்துகொண்டு வந்து நிற்பான்.

இப்போது மேஜையில் கிடந்தது மாமாவின் கிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். கப்பல்களில் வாசிக்கிறவர். போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கிட்டாரைச் சரிபார்க்கக் கொண்டுவந்துதான் அக்காவுக்கு அறிமுகமானார். அன்று கழுத்தைக் கழற்றியபோது, அது உட்காரும் குழிக்குள்ளே, காய்வதற்கு முன் யாரோ தொழிலாளி லாக்கரில் அழுத்திய கட்டைவிரல் ரேகை இருந்தது. அக்கா அதைத்தான் படம் எடுக்காமல் விட்டாள். அவரிடம் மட்டும் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "என் முதல் சம்சாரம்ங்க. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல" என்றாராம். அக்கா சிரித்தது அதற்குத்தான். எங்கள் வீட்டில் அந்தக் கட்டைவிரலுக்கு 'மூத்தவள்' என்றே பெயர்.

இந்தத் தடவை நீண்ட பயணம் முடிந்து மாமா வழக்கம்போலவே வந்தார். பையை வாசலிலேயே போட்டார். மகளைத் தூக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டார். அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். "டாக்டரம்மா, பேஷன்ட் வந்திருக்கு. ஒரே இரைச்சல், என்னன்னு பாரு" என்று கிட்டார் பெட்டியை நீட்டினார்.

கழுத்து தனியாக வந்தது. அக்கா விளக்கைக் குழிக்குள் காட்டினாள்.

லாக்கருக்கு அடியில் மரம், உரித்த பாதாம்போல வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. ரேகை இல்லை.

எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"ஏய், மாமா கிட்டார வித்துட்டு டூப்ளிகேட்ட கொண்டாந்திருக்காரு டீ."

"வித்திருந்தா உனக்கு ஒரு சென்ட் பாட்டிலாவது வந்திருக்குமே."

"வேற யாருக்காவது போயிருக்கும்."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டியா? மத்ததெல்லாம் பாத்தியா?"

"மத்ததெல்லாம் சரியா இருக்கு. சிகரெட் சுட்ட தழும்பு, முழங்கை தேஞ்ச எடம், பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில வெயில் படாத சிவப்பு, ஈயம், ஒயர். நான் படம் எடுத்த எடமெல்லாம் அப்படியே இருக்கு. அதான் பிடிக்கல."

"உனக்குத்தான் ஞாபகம் பிசகியிருக்கும். வேற கிட்டாரோட ரேகையா இருக்கும்."

"மூத்தவள மறப்பேனா?" என்றாள். சொன்ன குரலில் உறுதி இல்லை. எழுதி வைக்காத அடையாளத்துக்கு வேறு சாட்சி கிடையாது. மறந்தால் போயிற்று.

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டுவிட்டாள். கோபத்தில் கேட்டதுதான்.

"கழுத்துக் குழியில ஒரு ரேகை இருந்துச்சே, அது எங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் திருதிருவென்று முழிப்பான், இல்லாவிட்டால் எகிறுவான். இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள். மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, தெரியாத ஊரில் வழி கேட்பவர் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு? சொல்லு."

"கட்டைவிரல். நடுவுல, கொஞ்சம் சாஞ்சாப்ல. நீங்ககூட அதப் பாத்து ஒரு ஜோக் அடிச்சீங்களே."

"நீயே சொல்லேன். நீ சொன்னா நல்லாருக்கும்."

அவள் சொன்னாள். அவர் சிரித்தார். வாலுவும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள்.

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. குழாய்த் தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. வாழ்நாளில் எந்த விற்பவனிடமும் சொல்லாததைச் சொல்லியிருக்கிறாள். எங்கே குறை என்று சொல்லியிருக்கிறாள். எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் பின்னறைப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. வாலுவுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். "இது யாரு தெரியுமா? என் முதல் சம்சாரம்ங்க. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல." ஒரு சொல் மாறவில்லை. அக்கா ஈரக் கையோடு கூடத்தில் நின்றாள். 'சம்சாரம்ங்க' என்பதற்குப் பிறகு மூச்சு வாங்க ஓர் இடைவெளி வந்தது. நேற்று சாப்பாட்டு மேஜையில், தொண்டையில் சாதம் சிக்கி, அவள் விட்ட இடைவெளி.

அவர்கள் வெளியே போனதும் திரையை இழுத்துவிட்டுத் திருகுகளைக் கழற்றினாள்.

குழிக்குள் ரேகை இருந்தது.

விளக்கைப் போட்டாள். சுற்றிலும் வெளிறிய பச்சை. நடுவில், கொஞ்சம் சாய்ந்தாற்போல, கறுப்பாக ஒரு கட்டைவிரல். நாசியில் புது லாக்கரின் நெடி ஏறியது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். வளையம் வளையமாகப் போன கோடுகளை வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு வடு. ஈயம் பற்றவைக்கும் சுடுகோல் பட்டால் வரும் வடு.

தன் வலது கட்டைவிரலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். அதே இடத்தில் அதே வடு.

அதன்பிறகு அவள் மாமாவிடம் எதையும் கேட்கவில்லை. பார்க்க மட்டும் செய்தாள். மேஜையில் கிடத்திய ஒன்றைப் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து தொடங்கி. மீசையின் நரை சரியாக இருந்தது. இடது கை விரல் நுனிகளில் கம்பி அழுத்திய காய்ப்பு இருந்தது. புருவத்து வெட்டுக்காயம் இருந்தது. அத்தனையும் ஏதாவது ஒரு படத்தில் உண்டு. கல்யாணப் படம், கப்பலில் வாசித்தபோது எடுத்த வீடியோ, அவள் போனில் நிறைந்து வழியும் சிரிப்புகள். படத்தில் இல்லாதது எது என்று யோசித்தாள். அவர் உச்சந்தலையில், முடிக்குள்ளே, சின்ன வயசில் மாடிப்படியில் உருண்டு விழுந்த தழும்பு. விரலால் தடவினால்தான் தெரியும்.

மதியம் அவர் கட்டிலில் படுத்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் கரைந்து கரைந்து வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தலைகோதுவதுபோல விரல்களை முடிக்குள் விட்டாள். நெற்றியிலிருந்து உச்சிக்கு. உச்சியிலிருந்து பின்னுக்கு. மறுபடியும். பீங்கான் கோப்பையைத் தடவுவதுபோல இருந்தது.

"என்ன தேடறீங்க டாக்டரம்மா?" கண் திறக்காமல் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. பொடுகு."

"எந்த எடத்துல?"

"எங்கயும் இல்ல. தூங்குங்க."

"இல்ல, சொல்லு. எந்த எடத்துல இருக்கணும்?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். 'இருக்கணும்' என்றுதான் சொன்னாரா என்று என்னிடம் சொல்லும்போதும் அவளுக்குச் சந்தேகம் இருந்தது.

வாலுவுக்கு அந்த ஊதா விளக்கோடு ஒரு விளையாட்டு உண்டு. பேய்ப்பல் விளையாட்டு. திரைக்குள் புகுந்து விளக்கின் முன்னால் ஈ என்று இளிப்பாள். முகம் இருட்டில் மறைந்து, பற்கள் மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளையாக மின்னும். அக்காவும் இளிக்க வேண்டும். அன்று சாயங்காலம் வாலு அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா வா, பேய்ப்பல்! அம்மா, லைட்டப் போடு!"

"அப்புறம் விளையாடலாம், அம்மாவுக்கு வேலை இருக்கு."

"ஒரே ஒரு தடவ!"

அக்கா விளக்கைப் போட்டாள். மேஜைக் கண்ணாடியில் அவள் பற்கள் தெரிந்தன. மாமா சிரித்தார்.

வாய் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. மேலும் கீழும். ஒரு பல்கூட ஒளிரவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. இருட்டிலிருந்து. அவர் குரலில்.

வாலு அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பா பொக்கவாய்! அப்பா பொக்கவாய்!"

சிறிய வெள்ளைப் பற்களின் வரிசை. முன்பல் ஒன்று போன வாரம் விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக அவளுடைய நாக்கு எட்டிப் பார்க்கும். இப்போது நாக்கு எட்டிப் பார்க்கவில்லை. அக்கா மகளின் முகவாயைப் பிடித்து விரலை வாய்க்குள் விட்டாள். பல். முழுசாக வளர்ந்த பல். விரலுக்குப் பட்டது, கண்ணுக்குப் படவில்லை.

"இது எப்ப மொளச்சுது?"

"மொளைக்கல. அப்பா வெச்சுவிட்டாரு. வலிக்கவே இல்லம்மா."

அக்கா விளக்கை அணைத்தாள்.

இருட்டு. புது லாக்கரின் நெடி. மழை.

"என்ன டாக்டரம்மா." மிக அருகில். "சரியில்லையா?"

அவள் இருட்டில் வாலுவின் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"எது சரியில்ல? சொல்லு. சொன்னாத்தானே சரி பண்ண முடியும்."

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள் அக்கா.

மறுநாள் மதியம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். குழந்தையையும் அழைத்து வரத்தான் கிளம்பினாளாம். மாமா வாலுவை மடியில் வைத்துக்கொண்டு, "மழையில எதுக்கு அவள? நீ போயிட்டு வா" என்றாராம். சொன்னது அன்பாகத்தான். ஆனால் குழந்தையின் இடுப்பைச் சுற்றியிருந்த கை தளரவில்லை. அக்காவின் பையில் ஊதா விளக்கு இருந்தது. வந்ததும் நடந்ததை அரைகுறையாகச் சொன்னாள்.

"போலீஸ்கிட்டப் போலாமாக்கா?"

"போயி? எம் புருஷனுக்குப் பல்லு மின்னலைன்னு சொல்றதா?"

அதற்கு நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்தபோது முகத்தைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் அத்தனையையும் கொட்டினாள். அவரிடம் எது இல்லை என்று. உச்சந்தலைத் தழும்பு, பற்கள், இன்னும் என்னென்னவோ. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாலுவின் மேல், யாரும் படம் எடுக்காத, பெற்றவளுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்களையும் சொன்னாள். காதுமடலுக்குப் பின்னால் மச்சம். இரண்டு கால்விரல்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் சின்னச் சவ்வு. முழங்கால் மடிப்பில் நெல் அளவு பழுப்புத் திட்டு. "இதெல்லாம் இருக்கற வரைக்கும் அவ அவதான். மிச்சம் இருக்கறதையாவது நான் காப்பாத்தணும்டீ."

முன்னறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தோம். மாமாவும் வாலுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் குடை விரித்து வைத்திருந்தது. அதிலிருந்து சொட்ட வேண்டியதெல்லாம் சொட்டி, அடியில் தரை காய்ந்துவிட்டிருந்தது.

"கதவு திறந்திருந்துச்சு. அக்காவும் தங்கச்சியும் மனசு விட்டுப் பேசறீங்க, நடுவுல வந்து கெடுப்பானேன்னு உக்காந்துட்டோம்" என்றார் மாமா.

"சித்தி, அம்மா நெறைய சொன்னாங்க," என்றாள் வாலு.

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய், குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. மச்சம் இருந்தது. அக்கா சொன்னதைக் கேட்டு வைத்ததல்ல அது. அவள் மச்சத்தைப் பற்றிச் சொல்லிச் சில நிமிடம்கூட ஆகியிருக்காது. அசல்தான். அதனால்தான் அவர்களோடு வீட்டுக்குப் போனாள். அது இல்லாமல் இருந்திருந்தால் என்னோடு இருந்திருப்பாள்.

மாமா அதற்குப் பிறகு கப்பலுக்குப் போகவில்லை. கிட்டாரை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தனை பாகமும் அசல் என்று அக்காதான் உறுதி சொன்னாளாம். அவள் தொழிலை விட்டுவிட்டாள். பின்னறையில் திரையைக் கழற்றிவிட்டு வாலுவுக்குப் படிக்கும் மேஜை போட்டிருக்கிறார்கள். வாலு நன்றாக உயர்ந்துவிட்டாள், யாரும் இப்போது அவளை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை, அதற்கான சேட்டை எதுவும் அவள் செய்வதில்லை. மூன்று பேரும் சேர்ந்தே என் வீட்டுக்கு வருகிறார்கள். அக்கா மறந்துவிட்டுப் போன விளக்கை ஒருமுறை விளையாட்டுபோலப் போட்டுப் பார்த்தேன். மூவரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். மூவரின் பற்களும் நீலம் பாய்ந்த வெள்ளையாக மின்னின. மாமா நான் கேட்காமலே குனிந்து, உச்சந்தலைத் தழும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மச்சம் இருக்கிறது. சவ்வு இருக்கிறது. எல்லாம் இருக்கிறது.

போன மாதம் சாப்பிட்ட பிறகு அக்கா என் சோபாவில் தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிப்போனாள். கழுத்து வலிக்குமே என்று தலையணையோடு போய்க் குனிந்தேன். வாய் திறந்திருந்தது. மதிய வெயில் நேராக உள்ளே விழுந்தது. பல்வரிசைக்குப் பின்னால் நாக்கு இல்லை. தொண்டை இல்லை. ஒரு விரற்கடை உள்ளே போனதும் வெளுப்பாக, வழவழப்பாக, எதுவும் செதுக்காமல் விட்டதுபோல மூடியிருந்தது.

மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அந்த வாய் அசையவே இல்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல், "நீயும் கொஞ்சம் படுத்துக்கோயேன்டீ" என்றது.